மாத்திரைக்கு அரை மணி, ஊசிக்கு ஒரு வாரம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் முட்டை வைக்கிற தட்டு எப்போதும் காலியாகவே கிடக்கும். சைவக் குடும்பம். முட்டை வீட்டுக்குள் வந்தால் செத்துப்போனவர்களெல்லாம் வரிசையாக எழுந்து வந்து கேள்வி கேட்பார்கள் என்று எங்கள் மாமன், அம்மையின் தம்பி, தமாஷாகச் சொல்வார். அதனால் அந்தத் தட்டின் மூடியை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. என் தங்கை தன் ஊசியை அங்கேதான் ஒளித்து வைத்திருந்தாள்.

வீடு கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மையின் வீடு. நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அங்கேயே தங்கிவிட்டவள். ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுவது என் தொழில். நிலம் விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே வந்து உட்கார, நான்கு எல்லையும் பிசகாமல் முத்திரைத் தாளில் எழுதிக் கொடுப்பேன். பல வருடமாக இதே வேலை என்பதால், உள்ளதை மறைத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். தங்கையின் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இருவரும் பெங்களூரில் படிக்கிறார்கள். அம்மை இறந்த வருடமே அவள் பெட்டியோடு என்னிடம் வந்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் நல்ல தடி. நாங்கள் சேர்ந்து ஆட்டோவில் ஏறினால், "டிரைவரே, ஏற்றத்தில இறங்கித் தள்ளணும் கேட்டியா" என்பார் மாமன். சிரித்துக்கொள்வோம். ஆனால் எனக்கு மூட்டு வலி வந்து அலுவலகப் படி ஏற முடியாமல் போனபோது சிரிப்பு நின்றது. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் போனேன். எடை குறைக்க மாத்திரையும் உண்டு, ஊசியும் உண்டு, என் விஷயத்தில் இரண்டும் ஒரே மருந்துதான் என்றார் அவர். ஊசி வாரத்துக்கு ஒன்று, மாத்திரை தினமும். எனக்கு ஊசியைக் கண்டாலே கை கால் விறைத்துப்போகும். மாத்திரை என்றேன்.

அவர் சொன்ன நிபந்தனைகள் எனக்குப் பிடித்திருந்தன. காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். அரைத் தம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் சாயா கூடாது, வேறு மாத்திரை கூடாது, ஒன்றும் உள்ளே போகக் கூடாது. பொறுக்காமல் எதையாவது குடித்தால் மாத்திரை ரத்தத்தில் சேராமல் வீணாகிவிடும் என்றார். நான் தினமும் புறவாசல் படியில் உட்கார்ந்து அந்த அரை மணியைக் கழித்தேன். மதில் மேல் ஒரு காக்கை வந்து உட்காரும். அதுவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

மூன்று வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் அம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மை உயிரோடு இருந்தபோது மத்தியானம் ஒரு மணிக்கு அடுக்களையிலிருந்து விளிப்பாள்: "மக்கா, வா, சோறு விளம்பியாச்சு." நான் எந்தத் தாளில் தலை கவிழ்ந்திருந்தாலும் அந்தக் குரலுக்கு எழுந்துவிடுவேன். அவள் போன பிறகும் அது நிற்கவில்லை. ஒரு மணி ஆனால், அலுவலகத்தில் ஆட்கள் சூழ உட்கார்ந்திருக்கும்போதுகூட, எனக்குப் பசி அந்தக் குரலிலேயே வந்தது. மற்றவர்களுக்கு வயிறு கூவும், எனக்கு அம்மை கூப்பிடுவாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவை தங்கையிடம் வாய் தவறிச் சொன்னபோது அவள் சாதாரணமாக, "எனக்கும் அப்படித்தான் அக்கா" என்றாள்.

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் அந்தக் குரல் தாழ்ந்தது. நின்றுவிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது போலக் கேட்டது. எடை குறைந்தது, மூட்டு லேசானது, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சில நாள் வேண்டுமென்றே அரை மணி பொறுக்காமல் சாயாவைக் குடித்துவிடுவேன். அப்படி ஐந்தாறு நாள் செய்தால் குரல் மறுபடி கிட்டத்தில் வரும். டாக்டரிடம் இதைச் சொல்ல முடியுமா? எடை ஏன் இந்த மாதம் நின்றுவிட்டது என்று அவர் கேட்டபோது கல்யாண வீடுகள் நிறைய என்று சொன்னேன். மறைத்துப் பேசுகிறவர்களைப் பிடிக்காதவள் நான்.

எனக்கு அந்தக் குரலில் இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. கடைசி வாரம் அம்மைக்கு வயிற்றில் ஒன்றும் நிற்காது. கஞ்சித் தெளிவைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து, "மக்கா, ஒரு துண்டு மரச்சீனிக் கிழங்கு தா. காந்தாரி மிளகு சம்மந்தி தொட்டு" என்றாள். நான், "நாளைக்குத் தாறேன் அம்மா" என்றேன். அவள் கையை விடவில்லை. சாயங்காலம் வரை அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியும்போது போய்விட்டாள். நான் செய்தது சரி என்று டாக்டர் சொன்னார், மாமன் சொன்னார், எல்லோரும் சொன்னார்கள். அம்மை சொல்லவில்லை.

இனி தங்கையின் கதை. பங்குனி மாதம் போல அவள் சாப்பாடு குறைந்தது. முதலில் ராத்திரிச் சோற்றை விட்டாள். பிறகு காலைப் பலகாரம். சமைப்பாள், எனக்கு விளம்புவாள், எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. நல்ல வரிக்கைச் சக்கை, அதாவது பலா, பழுத்து வீடெல்லாம் மணந்த நாளில், சுளையைக் கையில் எடுத்து, இது என்ன சாமான் என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். சக்கை என்றால் கொட்டையைக்கூட விடாதவள் அவள்.

அவள் பங்கு சோறு தினமும் மதில் மேல் போனது. எங்கள் வீட்டில் எடை கூடியது காக்கைக்கு மட்டும்தான்.

நாலு மாதத்தில் அவள் பாதியாகிவிட்டாள். எடை குறைந்தால் இளமை வரும் என்கிறார்கள். இவளுக்கு வந்தது அம்மையின் முகம். அதுவும் நன்றாக இருந்த காலத்து முகம் இல்லை, கடைசி மாதத்து முகம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கழுத்து நரம்பு தெரிந்தது. தன் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போனதால் அலமாரியைத் திறந்து அம்மையின் பழைய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டாள். தைத்து வைத்தது போலப் பொருந்தியது. ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து கேட்டைத் திறக்கிறேன், முற்றத்தில் அம்மை நின்று துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். "என்ன அக்கா, உள்ள வாறியா இல்லியா?" என்று அவள் கேட்ட பிறகுதான் கால் எழுந்தது.

ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சேச்சி, மலையாளக்காரி, எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாக நிற்பவள். தங்கை விரதம் இருக்கிறாள் என்று அவள்தான் முதலில் சொன்னாள். திங்கள் விரதம், வெள்ளி விரதம், பிறகு எல்லா நாளும் விரதம். "ஒண்ணும் கழிக்காமல் குடிக்காமல் இப்படி ஓடி ஓடி வேலை செய்யணுமெங்கில் அது சக்தியாணு" என்று கைகூப்பினாள். பக்கத்துச் செங்கல் ஊர்க் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் எங்கள் கேட்டில் நின்று தங்கையின் கையால் திருநீறு வாங்கிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். பரீட்சை எழுதப் போகிற ஒரு பெண்ணின் தலையில் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். நான் உள்ளே வந்து, "எட்டி, இது என்ன கூத்து?" என்றேன். "சும்மா இரி அக்கா. அவங்களுக்கு ஒரு சமாதானம்" என்றாள்.

ஊசியை நான் கண்டுபிடித்தது ஒரு எறும்பால். ஃபிரிட்ஜ் கதவில் எறும்பு வரிசை போயிற்று. துடைக்கப் போனவள் முட்டைத் தட்டின் மூடியைத் தூக்கினேன். நீல நிறத்தில் பேனா மாதிரி ஒன்று படுத்திருந்தது. பக்கத்தில் மடித்த காகிதம். எந்தக் காகிதத்தையும் முழுதாக வாசிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. நின்ற இடத்திலேயே பொடி எழுத்து முழுவதையும் வாசித்தேன். அப்புறம் அவளைக் கூப்பிட்டேன்.

அவள் மறுக்கவில்லை. களியக்காவிளை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கிளினிக்கில் வாங்குகிறாளாம். ஓணத்துக்குக் கணவர் வருகிறார், அதற்குள் மெலிய வேண்டும். எங்கள் ஊரில் இது சகஜம். வீட்டிலிருந்து வடக்கே போனால் ஒரு சர்க்கார், தெற்கே பஸ் ஏறினால் இன்னொரு சர்க்கார். அரிசிக்கு ஒரு பக்கம், துணிக்கு ஒரு பக்கம் என்று போவது போல டாக்டருக்கும் போவோம். தங்கைக்குப் பல வருடமாகச் சர்க்கரை உண்டு. அதற்குப் பாறசாலையில் ஒரு டாக்டர், அவர் கொடுத்த பழைய மாத்திரை காலையிலும் ராத்திரியிலும். அந்த டாக்டரின் அட்டை இந்தப் பக்கம். எடை டாக்டரின் ஃபைல் அந்தப் பக்கம். இவருக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவரைத் தெரியாது. வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நிறைய மாத்திரை எடுப்பவர்களுக்கு ஊசி கொடுக்க மாட்டார்கள் என்று அங்கே காத்திருந்த ஒருத்தி சொன்னாளாம்.

"பழைய சர்க்கரை மாத்திரையும் இதும் சேர்ந்தா சர்க்கரை ரொம்பத் தாழ்ந்துபோகும்னு இதில எழுதியிருக்கு. வேர்க்கும், நடுங்கும், நாக்கு குழறும், பசிக்கும்னு எழுதியிருக்கு. வாசிச்சியா?" என்றேன்.

"பசிக்குமா? பசின்னா என்னன்னே எனக்கு மறந்துபோச்சு" என்று சிரித்தாள். "நீ மாத்திரை தின்னலியா? உனக்க மாத்திரையும் எனக்க ஊசியும் ஒண்ணு ஆக்கும். நீ தினமும் ராவிலே எழும்பி, அரை மணி நேரம் கடியாரத்தைப் பாத்துட்டு இருக்கணும். நான் வியாழக்கிழமை ஒரு குத்து. பின்ன ஏழு நாளும் நிம்மதி."

"எனக்கு வேண்டாம்னா நாளைக்கு நிறுத்தலாம். உனக்கு உள்ள போனது உள்ளதான். குத்தினதை எடுக்க முடியுமா?"

"எதுக்கு எடுக்கணும்?"

நான் வேறு ஒன்றைக் கேட்டேன். "ஒரு மணிக்கு அம்மை விளிக்கது உண்டா?"

அவள் முகம் மாறியது. கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள். "இல்லை அக்கா. ரெண்டாவது ஊசியோட நின்னுபோச்சு. ஒரு சத்தமும் இல்லை. முதல்ல பயமாட்டு இருந்துது. இப்பம் பழகிப்போச்சு" என்றாள்.

அன்றைக்கு அவளை இழுத்துக்கொண்டு பாறசாலை டாக்டரிடம் போயிருக்க வேண்டும். அடுத்த வாரம் போகலாம் என்றாள். சரி என்றேன். எனக்கும் அடுத்த வாரம் ஆள் நெருக்கம். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று கர்க்கடகம் பிறந்துவிட்டது.

கர்க்கடக வாவு அன்று, அதாவது ஆடி அமாவாசை அன்று, இந்தப் பக்கத்தில் செத்தவர்களுக்குப் பலி, அதாவது பிண்டச் சோறு, இடுவோம். பலி இடுகிறவர் முந்தின நாள் ஒரே ஒரு வேளைதான் சோறு உண்ணலாம். ஒரிக்கல் என்று அதற்குப் பெயர். இந்த வருடம் தங்கை இடட்டும், விரத சக்தி உள்ள கை என்று சேச்சி சொல்ல, மாமனும் தலையாட்டினார். ஒரிக்கல் நாள் வியாழக்கிழமையாக வந்தது. காலையில் ஊசி குத்திக்கொண்டாள். மத்தியானம் அந்த ஒரு வேளைச் சோற்றை இலையில் போட்டு வைத்தேன். "பைய தின்னுறேன், நீ போ" என்றாள். நான் அலுவலகம் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது இலை காலியாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. காலை ஏழரை மணி இருக்கும். குளித்து, ஈரத்துணியோடு, அம்மையின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தங்கை முற்றத்தில் தெற்குப் பார்த்து உட்கார்ந்தாள். வாழையிலையில் தர்ப்பை, எள், பச்சரிசிச் சோறு, பழம், ஒரு சின்னக் கிண்ணத்தில் தேன். மாமன் சொல்லச் சொல்லச் செய்தாள். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிண்டத்தை உருட்டி வைத்துவிட்டு, ஈரக்கையைத் தட்டினாள். அந்தச் சத்தத்துக்குத்தான் காக்கை வரும்.

வரவில்லை. எங்கள் காக்கை பிலாமரக் கொம்பில் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. இறங்கவில்லை. வேறு காக்கைகளும் வந்து மதிலில் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றும் இறங்கவில்லை. மறுபடி கை தட்டினாள். மறுபடியும். மாமன் நெற்றியைத் தடவினார். "அக்காளுக்கு என்னமோ குறை உண்டு. இல்லேன்னா காக்கை வராம இருக்காது" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கிழங்கு ஞாபகம் வந்தது.

அப்போது தங்கையின் தட்டுகிற கை ஒன்றையொன்று சேராமல் விலகிப் போயிற்று. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கண் பாதி மூடி, வெள்ளை தெரிந்தது. உதடு நடுங்கியது. சேச்சி ஓடி வந்து, "அம்ம வந்நு! அம்ம வந்நு!" என்று நெஞ்சில் கை வைத்து நின்றாள்.

எங்கள் வீட்டில் இது முதல் தடவை இல்லை. பலி நாளில் செத்தவர் வந்து பேசியதாகக் கதைகள் உண்டு. சித்தி ஒருத்தியின் மேல் அவள் மாமியார் வந்து, காணாமல் போன பெட்டிச் சாவி நெல் அறையில் கிடக்கிறது என்று சொல்லி, அங்கேயே கிடைத்ததாம். அதனால் யாருக்கும் அதிசயமாக இல்லை. மாமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். "அக்கா, வந்துட்டியா? உனக்கு என்ன குறை? பறை அக்கா, சொல்லு."

தங்கை தலையை என் பக்கம் திருப்பினாள். குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"மக்கா… பசிக்குது."

நான் அவளுக்கு மூத்தவள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். என்னை மக்கா என்று கூப்பிட்டது ஒரே ஒருத்திதான். அந்த முகம், அந்த ஜாக்கெட், அந்தக் குரல். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். அழுகை கலந்த பெரிய சந்தோஷம். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மாமன் கிழக்கு எல்லைப் பிலா யாருக்கு என்று கேட்டார். பத்து வருடத் தகராறு அது. சேச்சி தன் மகளுக்குக் கல்யாணம் எப்போது நடக்கும் என்று கேட்டாள். நான் அவர்களைத் தள்ளிவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன். "அம்மா, அன்னைக்குக் கிழங்கு தரல்லேன்னு என்மேல கோவமா? அதுக்காட்டா காக்கை எடுக்கல்லை? சொல்லும்மா" என்றேன். உதடு மட்டும் அசைந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்து வேறு பாட்டு தொடங்கியது. நான் கையை விடாமல் மறுபடி கேட்டேன். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. அவள் கண் தேன் கிண்ணத்தின் பக்கம் போய்ப் போய் வந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பாட்டும் முடிந்தது.

என் விரல் வழுக்கியது. குனிந்து பார்த்தால் அவள் கையெல்லாம் வேர்வை. நெற்றியிலிருந்து சொட்டி இலையில் விழுந்துகொண்டிருந்தது. அம்மையின் கை கடைசியில் காய்ந்து, வறண்டு கிடந்தது. இது அந்தக் கை இல்லை. வேர்க்கும், நடுங்கும், நாக்கு குழறும், பசிக்கும். நான் நின்ற இடத்தில் வாசித்த பொடி எழுத்து வரிசையாக வந்தது.

பலி இலையிலிருந்த தேன் கிண்ணத்தை எடுத்து, விரலில் தோய்த்து, அவள் கன்னத்தின் உள்பக்கம் தடவினேன். மாமன் என் கையைப் பிடித்து இழுத்தார். "செத்தவங்களுக்கு வெச்சதாக்கும் அது! உயிரோட இருக்கவ வாயில வெக்கப்பிடாது!" என்று கத்தினார். "மாமா, இவளும் செத்தவளாகணுமா?" என்று நான் திருப்பிக் கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். கிண்ணம் காலியாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். ஆட்டோ வந்தது. அவள் தலை என் மடியில் கிடந்தது. மதிலிலிருந்த காக்கைகள் அப்போதும் பறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். நான் கொண்டுபோன சர்க்கரை அட்டையையும் ஊசிக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஊசி போட்டது தப்பில்லை என்றாள். அந்தப் பழைய சர்க்கரை மாத்திரையைக் குறைக்காமல் போட்டதும், அதற்கு மேல் பட்டினி கிடந்ததும்தான் தப்பு. என் மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். உங்கள் மாத்திரையோ இந்த ஊசியோ எதுவானாலும் எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "வேர்க்கத் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து இனிப்பு கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம்" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டாள். இரண்டு நிமிஷம் இல்லை. இரண்டு பாட்டு. வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மதிலைப் பார்த்தேன். மூலையில், செடி மறைவில், ஒரிக்கல் சோறு ஒரு குவியலாகக் கிடந்தது. இலையில் நான் வைத்ததை அப்படியே கொட்டியிருந்தாள். காக்கைகள் தின்றது போக மீதி. முந்தின நாள் முழுவதும் வயிறு முட்டத் தின்ற காக்கைக்கு ஒரு பிண்டம் என்னத்துக்கு? மாமனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அப்பம் மக்கான்னு விளிச்சது ஆரு?" என்று கேட்டார்.

பாறசாலை டாக்டர் பழைய மாத்திரையை நிறுத்தினார். வேண்டுமானால் சின்ன அளவில் ஊசியை மறுபடி தொடங்கலாம் என்றார். தங்கை யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மருந்து உடம்பிலிருந்து இறங்கச் சில வாரம் பிடித்தது. ஓணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "அக்கா, விளிச்சுது" என்றாள். அடுக்களையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் மணி பார்த்தேன். ஒன்று.

"என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டேன்.

"கிழங்கு."

வேக வைத்தேன். காந்தாரி மிளகும் உள்ளியும் உப்பும் தேங்காயெண்ணெயும் சேர்த்து நசுக்கிச் சம்மந்தி செய்தேன். தட்டில் வைத்ததும் அவள் ஊதி ஊதித் தின்றாள். கண்ணில் நீர் வந்தது, மிளகு எரிப்பில். இரண்டு துண்டு போன பிறகுதான் நான் கேட்டேன். "அன்னைக்கு நீ எதுக்கு என்னை மக்கான்னு விளிச்சே?"

"நானா? நான் வாயே திறக்கல்லை அக்கா" என்றாள். "திறக்கத்தான் பாத்தேன். சீனி, தேன், ஏதாவது தா, தான்னு சொல்லணும். நாக்கு எழும்பல்லை."

மாமனுக்கும் சேச்சிக்கும் எனக்கும் கேட்ட குரல் அது. அவள் சம்மந்தியை விரலால் வழித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"ஆனா காது கேட்டுட்டு இருந்துது அக்கா. நீ கிழங்கைப் பத்திக் கேட்டது, மறுபடி கேட்டது, எல்லாம். நீ எனக்க கையைப் பிடிச்சிட்டு இருந்தே. அக்காளுக்குத் தெரியும், இப்பம் தருவா, இப்பம் தருவான்னு நினைச்சிட்டே கிடந்தேன்."

தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மையும் அன்னைக்கு அப்படித்தான் நினைச்சிட்டுக் கிடந்திருப்பா, இல்லியா?"

நான் பானையிலிருந்து இன்னொரு துண்டு எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.